தொண்டருக்கும் தலைவருக்கும் ஸ்ரீராமாயணம் காட்டும் நெறி

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய உத்ஸவத்தை ஸேவிக்கும் பொருட்டு நான்கு திசைகளிலிருந்தும் வந்து கூடியிருக்கும் ஆஸ்திக அன்பர்களில், உழைத்து உண்ணாதவர் மிகச் சிலரே. ஆலையில் தறி ஓட்டுகிறவர், அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர், பள்ளியில் பாடம் சொல்லுகிறவர், மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணுகிறவர், பேருந்து ஓட்டுகிறவர், பலரை வைத்து வேலை வாங்குகிற முதலாளி என்று பல தரத்தவரும் இங்கே ஒரே வடத்தைப் பிடித்துத் தேர் இழுக்கிறார்கள். விழா நிறைவேறியதும் அவரவர் இடத்திற்குத் திரும்புகிறார்கள். திரும்பிய இடத்தில் ஒருவர் ஏவுகிறார். மற்றொருவர் ஏவலைச் செய்கிறார். ஏவுகிறவருக்குச் செய்கிறவர்மேல் ஐயம். செய்கிறவருக்கு ஏவுகிறவர்மேல் மனக்கசப்பு. தேர்வடத்தில் கண்ட ஒற்றுமை வேலை செய்யும் இடத்தில் ஏன் காணப்படுவதில்லை? இவ்வினாவிற்கு ஸ்ரீமத் ராமாயணம் என்ன விடை தருகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஏழு காண்டங்களும் 24,000 சுலோகங்களும் கொண்டது வால்மீகி பகவான் அருளிய அம்மஹா காவ்யம். அதன் நடுவே ஒரு பெரும்பணியின் வரலாறு முழுமையாக அமைந்துள்ளது. கிஷ்கிந்தா காண்டத்தில் அப்பணி ஏவப்படுகிறது. ஸுந்தர காண்டத்தில் அது செய்யப்படுகிறது. யுத்த காண்டத்தின் தொடக்கத்தில் செய்தவனுடைய பெருமை உரைக்கப்படுகிறது. ஸீதாப் பிராட்டியைத் தேடிக் கண்டு வருவதே அப்பணி. ஏவுகிறவன் எப்படி ஏவ வேண்டும், ஏவப்பட்டவன் எப்படிச் செய்ய வேண்டும் என்னும் இரண்டையும் இப்பகுதியில் நாம் கற்கலாம்.

1. பணியின் முடிவில் காத்திருப்பவர்

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இப்பணி யாருடையது? ஸுக்ரீவ மஹாராஜன் ஏவினான் என்பதால் அது அவனுடையது ஆகாது. அனுமன் செய்தான் என்பதால் அவனுடையதும் ஆகாது. கடலுக்கு அப்பால், அசோக வனத்தில், அரக்கியர் சூழ ஒருத்தி நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டு மாதங்களே தவணை என்று ராவணன் அச்சுறுத்திவிட்டுப் போகிறான். ஒரு மாதத்திற்கு மேல் உயிர் தரியேன் என்று பிராட்டி அனுமனிடம் சொல்லியனுப்புகிறாள். வானரர்கள் தாமதித்தால் அதன் விலையைக் கொடுப்பவர் வானரர்கள் அல்லர். அவள் கொடுக்க நேரும். ஆகவே அப்பணி அவளுடையது.

ஒவ்வொரு பணியின் முடிவிலும் இப்படி ஒருவர் காத்திருக்கிறார். ஓய்வூதியத் தாளைக் கையில் பிடித்தபடி அலுவலகப் படியில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி, மருந்துக்கு வரிசையில் நிற்கும் நோயாளி, நள்ளிரவில் பேருந்தில் உறங்கிக்கொண்டே வரும் குடும்பம், விதை நெல்லுக்குக் கடன் கேட்டு மனுக் கொடுத்த உழவர் ஆகிய இவர்கள் யாவரும் அசோக வனத்தில் இருப்பவர்களே. மேலாளருக்கும் பணியாளருக்கும் நடக்கும் வழக்கில் இவர்களைப் பற்றிய பேச்சு எழுவதில்லை. ஆனால் வழக்கின் துன்பம் முழுவதும் இவர்கள் தலையில்தான் விழுகிறது. காத்திருப்பவரை இருவரும் மறவாதிருந்தால், ஏவலும் ஏவல் செய்தலும் தாமே நேர்ப்படும். இக்கட்டுரையில் பின்வரும் நெறிகள் யாவும் இவ்வொன்றிலிருந்து பிறப்பவை.

2. ஏவுகிறவன் அறிய வேண்டுவன

ஸுக்ரீவன் குற்றமற்ற தலைவன் அல்லன். அரசு பெற்றபின், மழைக்காலம் கழிந்ததும் முயற்சி தொடங்க வேண்டும் என்ற வாக்கை மறந்து போகங்களில் ஆழ்ந்தான். அப்போது அவனுக்கு முதலில் நினைவூட்டியவன் அவனுடைய அமைச்சனாகிய அனுமனே. இளைய பெருமாள் வில்லும் கையுமாக வந்து நிற்கும் வரை காத்திராமல், தலைவனுடைய கடமையைத் தலைவனுக்கு இனிய சொற்களால் எடுத்துக் கூறினான். ஏவலுக்குக் காத்திருப்பது மட்டும் தொண்டன் கடமை என்பாருக்கு இது முதற்பாடம்.

விழித்துக்கொண்ட பின்னரோ, ஸுக்ரீவன் ஏவிய முறை போற்றத்தக்கது. கிழக்கே வினதன், தெற்கே அங்கதன் தலைமையில் அனுமன் ஜாம்பவான் முதலியோர், மேற்கே ஸுஷேணன், வடக்கே சதபலி என்று நான்கு பிரிவுகளை வகுத்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் அது செல்ல வேண்டிய நாடு, மலை, ஆறு, கடல் அனைத்தையும் விரிவாக எடுத்துரைத்தான். ஒரு மாத காலம் என்று எல்லையும் குறித்தான். இவ்வளவும் எங்ஙனம் அறிந்தாய் என்று சக்கரவர்த்தித் திருமகன் பின்னர் வியந்து வினவ, வாலிக்கு அஞ்சி உலகெங்கும் ஓடித் திரிந்த காலத்தில் கண்டவை இவை என்று அவன் விடை கூறுகிறான்.

இது ஆழ்ந்து நினைக்கத்தக்கது. பிறரை அனுப்பும் வழியில் தலைவன் ஒருமுறையேனும் தானே நடந்திருக்க வேண்டும். தறியின் அருகே நின்றறியாதவன் தறிக்காரனுக்குக் கணக்குச் சொன்னால் அக்கணக்கு பிழைபடும். தன் வாழ்வின் துன்பக் காலத்தையே பிறருக்கு வழிகாட்டும் அறிவாக ஆக்கிக்கொண்டான் ஸுக்ரீவன். கீழ்நிலையிலிருந்து உயர்ந்து தலைமைக்கு வந்த அன்பர்கள் தாம் பட்ட பாட்டை மறைக்க வேண்டுவதில்லை. அதுவே அவர்களுடைய பெருஞ்செல்வம்.

அடுத்தது, ஆளைத் தேர்தல். நான்கு திசைக்கும் சேனை போகிறது. ஆனால் காரியம் இவனால் முடியும் என்று ஸுக்ரீவனுடைய நெஞ்சு அனுமனிடத்தில் ஊன்றி நின்றது. அதனை உணர்ந்த பெருமாளும் தம் திருநாமம் பொறித்த கணையாழியை அவன் கையிலேயே தந்தருளினார். பொறுப்பைக் கொடுக்கிறவன் அதற்கு வேண்டிய அடையாளத்தையும் அதிகாரத்தையும் உடன் கொடுக்க வேண்டும் என்பது இதன் கருத்து. கணையாழி இல்லாமல் சென்றிருந்தால் பிராட்டி அவனை நம்பியிருப்பாளோ? பொறுப்பைச் சுமத்திவிட்டு அதிகாரத்தைத் தம்மிடமே பூட்டி வைத்துக்கொள்ளும் தலைவர்கள், கணையாழி தராமல் தூது அனுப்புகிறவர்கள் ஆவர்.

3. மூவகைப் பணியாளர்

திருவடி என்று ஸம்ப்ரதாயத்தில் கொண்டாடப்படும் அனுமன் திரும்பி வந்து செய்தி உரைத்தபோது, பெருமாள் பணியாளரை மூவகையாக வகுத்துப் பேசுகிறார். யுத்த காண்டத்தின் முதல் ஸர்க்கத்தில் இதனைக் காணலாம். அரிய பணியில் ஏவப்பட்டு, அதனை முடித்ததோடு அதற்கு இயைந்த மற்றதையும் அன்பினால் செய்பவன் உத்தமன். வல்லமை இருந்தும், சொன்னதற்கு மேல் தலைவனுக்கு உகந்த எதையும் செய்யாதவன் மத்யமன். வல்லமை இருந்தும் சொன்னதையே செய்யாதவன் அதமன். இதுவே அவ்விடத்தின் கருத்து.

பின்னிரண்டு வகையினரைச் சொல்லும்போதும் அவர்கள் வல்லமை உடையவர்கள் என்றே பெருமாள் கூறுவதை நாம் கவனிக்க வேண்டும். ஆகவே இவ்வகுப்பு திறமையைப் பற்றியது அன்று, மனத்தைப் பற்றியது. இயலாதவனை இங்கே அதமன் என்று யாரும் பழிக்கவில்லை. இயன்றும் செய்யாதவனுக்கே அப்பெயர். குறைந்த திறமையுடையவனைக் கடிந்து, திறமையிருந்தும் சோம்பியிருப்பவனுக்குச் சலுகை காட்டும் இடங்கள் பல உண்டு. அவை இந்த ஸர்க்கத்தைத் தலைகீழாகப் படித்த இடங்கள் எனலாம்.

அனுமன் அதிகமாகச் செய்தது யாது? கண்டு வா என்பதே அவனுக்கு இட்ட ஏவல். கண்டான், கணையாழியைத் தந்து பிராட்டியின் உயிரைத் தரிக்கச் செய்தான், கண்டதற்குச் சான்றாகச் சூடாமணியைப் பெற்றான். அதன் பிறகு நின்று எண்ணுகிறான். நாளை இந்நகரத்தின்மேல் படை வரப்போகிறதே, பகைவனுடைய வலிமையை அளந்து செல்வது நலம் அன்றோ என்று தெளிந்து, அசோக வனத்தை அழித்து அரக்கர் படையைப் போருக்கு இழுத்தான். பின்னர்ப் பெருமாள் இலங்கையின் அரண்களைப் பற்றி வினவியபோது வாயில், மதில், அகழி ஆகியவற்றை ஒவ்வொன்றாக விவரிக்க முடிந்தது அதனாலேயே. இவ்வதிகப் பணியை யாரும் ஏவவில்லை. ஏவலின் சொல்லைக் கடந்து அதன் நோக்கத்தை அவன் கண்டிருந்தான். அந்நோக்கமே அவனை ஏவிற்று.

4. சோர்வும் சினமும்

பணி செய்கிறவனுக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று சோர்வு, மற்றொன்று சினம்.

தென்திசை சென்ற வானரர்கள் ஸ்வயம்ப்ரபையின் குகையில் அகப்பட்டு நாள் கடந்துபோயினர். வெளியே வந்து பார்த்தால் குறித்த மாதம் கழிந்துவிட்டது; காரியமோ ஆகவில்லை. தவணை கடந்தவனுக்குத் தண்டனை உறுதி என்று அஞ்சிய அங்கதன், கடற்கரையில் தர்ப்பையைப் பரப்பி உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் துணிந்தான். மற்றவர்களும் உடன் கிடந்தார்கள். மாவீரர் கூட்டம் ஒன்று, பகைவனைக் காணும் முன்னரே, தலைவனுக்கு அஞ்சி மடியத் துணிந்த காட்சி இது! தலைவனுடைய கடுமை ஓர் எல்லைக்கு மேற்பட்டால் அது முயற்சியைத் தூண்டுவதற்கு மாறாக அதனைக் கொன்றுவிடும் என்பதை இதனினும் தெளிவாக யார் காட்ட வல்லார்? அவர்கள் கடலைப் பார்த்துக் கிடந்த அந்நாள்களிலும் பிராட்டி காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஸம்பாதி வந்து இலங்கை இருக்குமிடம் உரைத்த பிறகு, நூறு யோஜனைக் கடலைத் தாண்டுவார் யார் என்ற கேள்வி எழுகிறது. பத்து யோஜனை தாண்டுவேன் என்கிறான் கஜன். இருபது என்கிறான் கவாக்ஷன். இப்படியே வளர்ந்து, முதுமையால் தொண்ணூறுதான் இயலும் என்கிறான் ஜாம்பவான். தன் அளவை மறைக்காமல் அவரவர் கூறியது சிறந்த பண்பு. முடியாததை முடியும் என்று சொல்லி ஏற்றுக்கொண்டு இறுதி நாளில் கைவிரிப்பதினும், என் அளவு இருபது என்று முதல் நாளே சொல்வது நேர்மை. அங்கதன் நூறும் தாண்டுவேன், திரும்புவதில்தான் ஐயம் என்கிறான். அப்போது ஜாம்பவான் அவனைத் தடுத்து, அனுப்ப வேண்டிய தலைவனே செல்லுதல் தகாது என்று நீதி கூறி, ஒருபுறம் பேசாமல் அமர்ந்திருந்த அனுமனிடம் சென்று அவனுடைய பிறப்பையும் வலிமையையும் நினைவூட்டுகிறான். கூட்டத்தில் உரக்கப் பேசாதவனிடத்திலும் பேராற்றல் இருக்கக்கூடும். அதனைக் கண்டு எழுப்புவது மூத்தவர் கடமை. தான் தாண்ட இயலாத கடலைத் தாண்ட வல்லவனைக் கண்டு பொறாமை கொள்ளாத முதியவர் ஒருவர் இருந்தமையால் அன்றோ ஸுந்தர காண்டம் நமக்குக் கிடைத்தது!

இனி இலங்கையில் அனுமன் அடைந்த சோர்வைப் பார்ப்போம். அரண்மனையெங்கும் தேடியும் பிராட்டியைக் காணவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் என்னென்ன நேரும் என்று எண்ணியெண்ணி அவன் நெஞ்சு நடுங்குகிறது; உயிர்விடும் எண்ணமும் எழுகிறது. ஆயினும் மனந்தளராமையே எல்லா நன்மைக்கும் வேர் என்று தேறி, இன்னும் தேடாத இடம் எது என்று பார்க்கிறான். அசோக வனம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அங்கேதான் பிராட்டி இருந்தாள். தேடாத இடம் ஒன்று எஞ்சியிருக்கும் வரை இல்லை என்று சொல்லாதே என்பது, கோப்பைத் தேடும் எழுத்தர் முதல் நோயின் காரணம் தேடும் மருத்துவர் வரை அனைவருக்கும் உரிய நெறி.

சினத்தின் கதையும் உண்டு. வாலில் வைத்த நெருப்பால் இலங்கையைக் கொளுத்தியபின் அனுமன் திடுக்கிடுகிறான். கோபத்தால் ஊரையே எரித்தேனே, அதில் பிராட்டிக்கும் தீங்கு நேர்ந்திருந்தால் யாருக்காக வந்தேனோ அவளையே அழித்தவன் ஆவேனே என்று தன்னைத் தானே நொந்துகொள்கிறான். அவள் நலமாக இருக்கிறாள் என்று சாரணர் பேசக் கேட்டும் அமையாமல், நேரில் சென்று கண்ட பின்னரே புறப்படுகிறான். மேலாளர்மேல் கொண்ட கோபத்தால் பணியை நிறுத்தி வைப்பவரும், பணியாளர்மேல் கொண்ட கோபத்தால் கோப்பை ஒதுக்கி வைப்பவரும் இந்த இடத்தைப் படிக்க வேண்டும். நம் சினத் தீ எங்கே போய்ப் பற்றும் என்பது நமக்குத் தெரியாது. காத்திருப்பவர்மேல் அது பற்றலாகாது.

5. எல்லை கடவாமை

அதிகமாகச் செய்பவன் உத்தமன் என்றால், தோன்றியதையெல்லாம் செய்யலாமோ எனின், ஆகாது. அனுமன் இக்கரை வந்து நடந்ததை உரைத்தபோது அங்கதனுக்கு உற்சாகம் மிகுந்தது. நாமே இப்போது சென்று அரக்கரை வென்று பிராட்டியை அழைத்துக்கொண்டு போகலாமே என்கிறான். ஜாம்பவான் மறுக்கிறான். தேடிவரவே நாம் ஏவப்பட்டோம்; தாமே வென்று மீட்பதாகப் பெருமாள் உறுதி கூறியிருக்கிறார்; அதற்கு மாறாக நாம் செய்வது அவருக்கு உகப்பாகாது என்பது அவன் கருத்து. தன் முதுகில் ஏறிவர அனுமன் வேண்டியபோது பிராட்டி மறுத்ததும் இவ்வகையிலேயே. பெருமாள் தாமே வந்து மீட்பதுதான் அவருக்குத் தகுதி என்றாள்.

அனுமன் செய்த மிகை தலைவனுடைய நோக்கத்திற்குத் துணை. அங்கதன் எண்ணிய மிகை அந்நோக்கத்திற்குக் குறுக்கு. இவ்விரண்டையும் வேறுபடுத்தும் அறிவே பணியில் முதிர்ச்சி எனப்படும். வயதில் இளைய அங்கதன் மூத்தவர் சொல்லைக் கேட்டு அமைந்ததும், தலைமைப் பதவி தன்னிடம் இருந்தும் கேட்டதும், அவனுக்குப் பெருமையே.

6. உண்மை சொல்லுகிறவனைக் காத்தல்

இரு தலைவர்களை வால்மீகி பகவான் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிறார். விபீஷணாழ்வான் சரணம் என்று வந்து ஆகாயத்தில் நின்றபோது, பெருமாள் தம் திருவுள்ளக் கருத்தை முதலில் வெளியிடவில்லை. ஸுக்ரீவன், அங்கதன், சரபன், ஜாம்பவான், மைந்தன், அனுமன் என்று ஒவ்வொருவரும் தம் கருத்தை அச்சமின்றிக் கூறினர். பலர் ஐயுற்றனர், அனுமன் ஏற்கலாம் என்றான். எல்லாம் கேட்ட பின்னரே பெருமாள் முடிவு அருளினார். தலைவன் முதலில் வாய் திறந்தால், பிறகு பேசுகிறவர்கள் அவன் சொன்னதையே வேறு சொற்களால் சொல்வார்கள். கூட்டம் நடந்தது என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

ராவணன் ஸபையிலோ, பிரஹஸ்தன் முதலியோர் அவனுக்கு இனிப்பானதையே பேசினர். பிராட்டியைத் திருப்பித் தருவதே நன்மை என்ற தம்பியை அவன் இகழ்ந்து பேச, அவன் நான்கு துணைவரோடு வெளியேற நேர்ந்தது. ஒற்றறிந்து வந்து வானர சேனையின் உண்மை வலிமையை உரைத்த சுகனும் ஸாரணனும் கடிந்து விரட்டப்பட்டனர். அதே ஒற்றர்கள் பகைவரிடம் பிடிபட்டபோது, விரும்பியதைப் பார்த்துச் செல்லுங்கள் என்று பெருமாள் விடுவித்தருளினார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்! உண்மை உரைத்த தன் பணியாளனைத் தண்டிக்கும் தலைவனுக்கு, பிறகு உண்மை உரைக்க எவரும் வருவதில்லை. ஓலை வரும், கணக்கு வரும், புகழ்ச்சி வரும், உண்மை வாராது.

இங்கே பணிபுரியும் அன்பர்களுக்கு ஒரு ஐயம் எழலாம். எங்கள் தலைவர் ராவணனைப் போன்றவராயின் நாங்கள் என் செய்வது? இதற்கும் காவ்யத்தில் மூன்று வழிகள் காட்டப்பட்டுள்ளன. மாரீசன், செய்வது தீது என்று அறிந்து ராவணனுக்கு நெடுநேரம் அறிவுரை கூறினான். ஆனால் உயிருக்கு அஞ்சி மாய மானாகிச் சென்றான். கும்பகர்ணன், முன்பே கலந்து ஆலோசியாமல் செய்தாய் என்று அண்ணனைக் கடிந்தான். எனினும் அவனுக்காகவே போரில் மடிந்தான். விபீஷணாழ்வான் மீண்டும் மீண்டும் நன்மை உரைத்தான். கேட்கப்படாமல் இகழப்பட்டபோது விலகினான். மாரீசனுடைய வழி ஒருவருக்கும் ஆகாது. தான் தீமை என்று அறிந்ததற்குத் தன் கையைக் கொடுத்தவன் அவன். பொய்க் கணக்கில் கையொப்பமிடச் சொல்லும் ஏவல், கலப்படத்தைக் கண்டும் வாய்மூடச் சொல்லும் ஏவல் ஆகியவை மாய மானாகச் சொல்லும் ஏவல்களே. கும்பகர்ணனுடைய நன்றியை மெச்சலாம், பின்பற்றலாகாது. முதலில் பணிவோடு உரைத்தல், பின்னும் உரைத்தல், முடிவில் விலகுதல் என்ற விபீஷணாழ்வானுடைய முறையே தர்மத்தின் வழி. அவன் முதல் நாளே விலகிவிடவில்லை, உரைக்காமலும் விலகவில்லை. வயிற்றுப்பாட்டை நம்பியிருக்கும் குடும்பஸ்தனுக்கு விலகுதல் எளிதன்று என்பதை அடியேன் அறிவேன். மனைவி மக்களை இலங்கையிலேயே விட்டு வந்த விபீஷணாழ்வானுக்கும் அது எளிதாக இருக்கவில்லை.

7. ஊதியமும் பாராட்டும்

சித்ரகூடத்தில் ஸ்ரீபரதாழ்வானைக் கண்ட பெருமாள், நலம் வினவும் முறையில் அரசநீதி முழுவதையும் கேள்விகளாகவே உபதேசித்தருளுகிறார். அயோத்யா காண்டத்து 100-ஆவது ஸர்க்கம் அது. தலைமையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் படித்துத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளத்தக்க பகுதி. தலையாய பணிக்குத் தலையாய ஆளையும், இடைப்பட்ட பணிக்கு இடைப்பட்டவனையும் வைத்திருக்கிறாயா? ஆயிரம் மூடரை விட்டு அறிஞன் ஒருவனை விரும்புகிறாயா? தனித்தும் முடிவு செய்யாமல், பலரோடும் கூடிக் குழப்பாமல் ஆலோசிக்கிறாயா? வரவுக்குள் செலவை அடக்குகிறாயா? பொய்க் குற்றம் சாட்டப்பட்டவனுடைய கண்ணீர் உன் ஆட்சியில் விழாமல் காக்கிறாயா? இப்படிச் செல்லுகின்றன அக்கேள்விகள்.

அவற்றுள் ஊதியத்தைப் பற்றிய கேள்வி தனியே நினைக்கத்தக்கது. சேனைக்கு உரிய உணவையும் சம்பளத்தையும் உரிய காலத்தில் தாமதமின்றிக் கொடுக்கிறாயா என்று வினவி, காலம் தாழ்ந்தால் பணியாளர் தலைவனை வெறுப்பார்கள், அதனால் பெருங்கேடு விளையும் என்று காரணமும் கூறுகிறார். தந்தையைப் பிரிந்து, நாட்டைத் துறந்து, காட்டில் மரவுரி தரித்திருக்கும் நிலையிலும், அயோத்தியின் கடைநிலைச் சேவகனுக்கு மாதக் கூலி போய்ச் சேர்ந்ததா என்ற கவலை பெருமாளுடைய திருவுள்ளத்தில் இருந்தது! வேலையாளின் வியர்வை உலரும் முன் கூலி தராமல் இழுத்தடிப்பவர், அதே பணத்தில் கோயிலுக்கு உபயம் செய்தால் அது பெருமாளுக்கு உகப்பாகுமோ என்பதை அவரவரே எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஊதியத்தோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ராவண வதம் ஆனபின், மாண்ட வானரர்கள் உயிர்பெற்று எழ வேண்டும் என்றும், அவர்கள் வாழும் இடத்தில் பருவமல்லாப் பருவத்திலும் மரங்கள் பழுக்க வேண்டும் என்றும் இந்திரனிடம் பெருமாள் வரம் வேண்டினார். தமக்கென அவர் ஒன்றும் கேட்கவில்லை. அயோத்திக்குப் புறப்படும் முன், உழைத்த வானரர் அனைவருக்கும் பொன்னும் மணியும் தந்து சிறப்பிக்க விபீஷணாழ்வானுக்கு நியமித்தார். வெற்றி கிட்டியதும் தலைவன் மட்டும் மாலை சூடிக்கொள்ளும் வழக்கத்தை இங்கே காண இயலாது.

தவறு பொறுத்தலும் ஒரு வகைப் பாராட்டே. பிராட்டியைக் கண்ட மகிழ்ச்சியில் வானரர்கள் ஸுக்ரீவனுக்குரிய மதுவனத்தில் புகுந்து தேனைக் குடித்துத் தோட்டத்தைப் பாழாக்கினர். காவலனாகிய ததிமுகன் ஓடிவந்து முறையிட்டான். தவணை கடந்தவர்கள், அதன்மேல் அரசன் தோட்டத்தையும் அழித்தவர்கள். தண்டிக்க இரட்டைக் காரணம் இருந்தது. ஸுக்ரீவனோ, காரியம் முடியாமல் இவர்கள் இப்படிக் களித்திரார், பிராட்டியைக் கண்டுவிட்டார்கள் என்று ஊகித்து மகிழ்ந்தான். குற்றத்தைப் பொறுத்தேன், விரைந்து வரச் சொல் என்றான். முன்பு எவனுக்கு அஞ்சி உயிர்விடத் துணிந்தார்களோ அவனே இவன். தவணை பணிக்காக ஏற்பட்டதேயன்றிப் பணி தவணைக்காக ஏற்பட்டதன்று என்பதை அவனும் கற்றுக்கொண்டான் போலும்.

எல்லாவற்றிற்கும் சிகரமாவது பெருமாள் அனுமனுக்குத் தந்த பரிசு. இவ்வளவு இனிய செய்தி கொணர்ந்தவனுக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையே என்று வருந்தி, இப்போது என் உடைமை எல்லாம் இதுவே என்று அவனைத் திருமார்போடு அணைத்துக்கொண்டார். அனைவரும் கூடியிருந்த ஸபையில் இது நிகழ்ந்தது. தனியே அழைத்துக் கண்டிப்பதும் பலரறியப் பாராட்டுவதும் நல்ல தலைவரின் இயல்பு. பலரறியக் கடிந்து தனியே பாராட்டுவாரும் உளர்; அவரிடம் பணி செய்வோர் அடைவது புண்ணே.

8. கோயிலே சான்று

இவையெல்லாம் புராண காலத்திற்கே பொருந்துவன என்று சிலர் நினைக்கலாம். திருவரங்கம் பெரிய கோயில் நிர்வாஹத்தை எம்பெருமானார் ஏற்றுச் சீர்திருத்திய வரலாற்றைக் கோயிலொழுகு கூறுகிறது. கைங்கர்யபரர்களைப் பத்துக் கொத்தாக வகுத்து, அவரவர் செய்ய வேண்டிய பணி இன்னது என்று வரையறுத்து வைத்தார் என்பது அதன் செய்தி. பணியை வகுப்பதும் பகவத் கைங்கர்யமே என்று அம்மஹாசார்யர் கருதியமையை இதனால் அறியலாம். ஸுக்ரீவன் நான்கு திசைக்குச் செய்ததை எம்பெருமானார் ஒரு திருக்கோயிலுக்குள் செய்தார்.

இன்று நீங்கள் ஸேவிக்கும் புறப்பாட்டையே பாருங்கள். மடைப்பள்ளியில் விறகடுப்பின் முன் நிற்பவர் ஒருவர், மாலை தொடுப்பவர் ஒருவர், தீவட்டி பிடிப்பவர் ஒருவர், நாதஸ்வரம் வாசிப்பவர் ஒருவர், ஸ்ரீபாதந்தாங்கிகள் பலர். ஸ்ரீபாதந்தாங்கிகளில் ஒருவர் தோளைச் சிறிது தளர்த்தினாலும் பல்லக்கு ஒருபுறம் சாயும். அடுத்தவர் தோளில் சுமை ஏறும். முன்னே செல்பவர் நடையைச் சொல்லிக் கொடுக்க, பின்னே வருபவர் அதற்கு ஒத்து அடி வைக்கிறார். சொல்லிக் கொடுப்பவரும் சுமக்கவே செய்கிறார்; சுமக்காமல் வெறுமனே சொல்பவர் அங்கே இல்லை. வீதியின் கடைசி வீட்டுத் திண்ணையில், எழுந்து வர இயலாத முதியவர் ஒருவர் கைகூப்பியபடி அமர்ந்திருப்பார். புறப்பாடு அவர் வாசலுக்கு வந்து சேருகிற வரையில் ஒருவர் தோளும் தளர்வதற்கில்லை.

நம் ஸம்ப்ரதாயத்தில் ஸகல சேதனரும் எம்பெருமானுக்குச் சேஷபூதர். அவன் ஒருவனே சேஷி. அப்படியாயின் அலுவலகத் தலைவரும் தொண்டர், கடைநிலை ஊழியரும் தொண்டர். ஒருவர் ஏவுகிற தொண்டு செய்கிறார். மற்றவர் முடிக்கிற தொண்டு செய்கிறார். இந்த உணர்வு உண்டானால் ஏவுகிறவருக்குச் செருக்கும் இல்லை. ஏவப்படுகிறவருக்கு இழிவும் இல்லை.

உத்ஸவம் ஸேவித்து ஊர் திரும்பும் அன்பர்களே! நாளை உங்கள் இருக்கையில் அமரும்போது, முன்னால் இருக்கும் கோப்பின், இயந்திரத்தின், நோட்டின் மறுகரையில் நாள்களை எண்ணிக்கொண்டு இருப்பவர் யார் என்று ஒரு கணம் நினையுங்கள். பிறரை அனுப்பும் இடத்தில் இருந்தால் வழியும் கணையாழியும் கொடுத்து அனுப்புங்கள். கூலியைக் காலத்தில் கொடுங்கள். உண்மை சொல்லி வருகிறவனுக்குக் கதவைத் திறந்து வையுங்கள். அனுப்பப்படும் இடத்தில் இருந்தால் தேடாத இடம் ஒன்று எஞ்சியிருக்கத் திரும்பாதீர்கள். இங்ஙனம் இருவரும் தத்தம் பணியை எம்பெருமானுக்குக் கைங்கர்யமாகக் கொண்டு செய்வார்களாயின், அத்தொழிற்கூடமும் திருக்கோயிலே ஆகும். அதற்கு வேண்டிய நல்லறிவையும் உடல்நலத்தையும் திவ்யதம்பதிகள் யாவர்க்கும் அருளுமாறு பிரார்த்திக்கிறேன்.

சுபம்.